பொடக்காளிப் பக்கம்: கார்த்திகை மழையும் உங்கள் கேள்விகளும்

ஐப்பசி பிறந்ததிலிருந்து நம் பொடக்காளிப் பக்கத்துக்கு, அதாவது இந்தக் கொல்லைப்புறத் தோட்டப் பக்கத்துக்கு, வந்த கடிதங்களை ஒரே மூச்சில் உட்கார்ந்து படித்தேன். பாதிக்கு மேல் "செடி வாடுது, என்ன உரம் வைக்கலாம்?" என்ற ஒரே கேள்விதான், ஊர்தான் வேறு வேறு. பெயர் போட வேண்டாம் என்று பலர் எழுதியிருப்பதால் எல்லோருக்கும் ஊர்ப்பெயரை மட்டும் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் கொங்குப் பக்கம் வருஷத்து மழையில் ஏறக்குறைய பாதி இந்த ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டிவிடுகிறது (மலையோரம் இருப்பவர்களை விட்டுவிடுங்கள், அவர்களுக்கு ஆனி ஆடியிலும் நல்ல மழை உண்டு). பத்து மாசம் குடத்தைத் தூக்கித் தண்ணீர் ஊற்றியே பழகின கைக்கு, இந்த இரண்டு மாசம் தண்ணீரை வெளியே விடத் தெரிவதில்லை. இந்தத் தடவை பதில்களில் நான் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது போல் இருந்தால் அதற்கு இதுதான் காரணம்.

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகி: அக்கா, மாடியில் பன்னிரண்டு பையில் தக்காளி வைத்திருக்கிறேன். ஒரு வாரம் விடாமல் மழை. இப்போது அடி இலையெல்லாம் மஞ்சள், பூவும் கொட்டுகிறது, மண்ணில் ஈரம் இருந்தும் மதியம் துவண்டு நிற்கிறது. சத்துக் குறைவு என்று நினைத்து மண்புழு உரமும் கடலைப் புண்ணாக்குக் கரைசலும் இரண்டு தடவை கொடுத்துவிட்டேன். இன்னும் மோசமாகிவிட்டதே?

கொடுத்ததுதான் தப்பு கண்ணு. ஈர மண்ணில் நிற்கிற செடி வாடுகிறது என்றாலே வேரைத்தான் சந்தேகப்பட வேண்டும். வேரும் மூச்சு விடும், மண்ணுக்குள் இருக்கிற சின்னச் சின்ன இடைவெளியில் காற்று இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும். அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிறைந்து இரண்டு மூன்று நாள் நின்றால் நுனி வேர் செத்துப்போகும், செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாது, அதனால்தான் ஊறிக் கிடக்கிற பையில் செடி தாகத்தில் துவள்கிறது. அந்த நேரத்தில் புண்ணாக்குக் கரைசலை ஊற்றினால் அது புளித்து, மிச்சம் இருக்கிற காற்றையும் தின்றுவிடும். மூக்கை வைத்துப் பாருங்கள், சாக்கடை வாடை வந்தால் நான் சொல்வது சரி.

முதலில் பைகளைத் தரையிலிருந்து தூக்குங்கள். தளத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிற பைக்கு அடியில் எத்தனை ஓட்டை போட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை, சிமெண்டு அடைத்துக்கொள்ளும். இரண்டு செங்கல், இல்லாவிட்டால் பழைய ஓடு, அதன்மேல் பை. பக்கவாட்டில் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே நாலு ஓட்டை போடுங்கள். பை முழுக்கத் தென்னைநார்க் கழிவாக இருந்தால் இந்த மாசம் கஷ்டம்தான், அது தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சித்திரையில் வரம், கார்த்திகையில் சாபம். மேல்மண்ணை இரண்டு விரல் ஆழத்துக்கு மெதுவாகக் கிளறிவிட்டு வெயில் வரும்வரை சும்மா இருங்கள். ஒரு வாரம் எந்தக் கரைசலும் வேண்டாம்.

புதுத் துளிர் எட்டிப் பார்த்த பிறகு, ஒரு கிலோ மக்கின தொழுவுரத்தில் 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயை அடக்குகிற நல்ல பூசணம்) கலந்து நாலைந்து நாள் நிழலில் ஈரமாக வைத்து, பைக்கு ஒரு கைப்பிடி போடுங்கள். மண்ணைத் தொடுகிற அடி இலைகளை வெட்டி எடுத்துவிடுங்கள். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிக்கும்போதுதான் இலைக்கருகல் நோய் மேலே ஏறுகிறது. பூ கொட்டுவதற்குப் பாதிக் காரணம் வேர் என்றால் மீதிப் பாதி காற்றில் இருக்கிற ஈரம். மகரந்தம் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்வதால் உதிராது. வெயில் அடிக்கிற நாளில் பதினொரு மணிவாக்கில் குச்சியைப் பிடித்து லேசாக ஆட்டிவிட்டால் போதும். இன்னொன்று, பைக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். தேங்கின நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு முட்டை வைக்கும், தக்காளிக்காக ஆஸ்பத்திரி போக வேண்டாம்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பெரியவர்: அம்மணி, வீட்டு முன்னால் ஆறு குண்டுமல்லிச் செடி இருக்குது. போன வருஷம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தை மாசம் கவாத்து பண்ணுவதைப் பார்த்து நானும் தையில் வெட்டினேன். பங்குனியில் பூவே இல்லை, வைகாசியில் கொஞ்சம் வந்தது. எப்போதுதான் வெட்டுவது?

ஐயா, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வெட்டினது முல்லையாக இருந்திருக்கும். மூன்றுக்கும் நாள் வேறு. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை இரண்டாவது வாரம். ஜாதிமல்லிக்கு (பிச்சி என்றும் சொல்வார்கள்) டிசம்பர் கடைசி. முல்லைக்கு ஜனவரி கடைசி. சத்தியமங்கலம் பக்கம் பூக்காடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் இந்த மூன்றையும் சொல்வார்கள். மல்லிகைக்குப் பூ வருவது புதுக் கிளையில்தான், பழைய கிளையில் இல்லை. அதனால் வெட்டுகிற நாள் தள்ளிப்போனால் பூக்கிற நாளும் தள்ளிப்போகும். உங்களுக்கு நடந்ததும் அதுதான், செடியில் குறை ஒன்றும் இல்லை.

தரையிலிருந்து ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூட, 50 சென்டிமீட்டர் உயரத்தில் எல்லாக் கிளையையும் ஒட்ட வெட்டிவிடலாம். மனசு கேட்காது, பரவாயில்லை, வெட்டுங்கள். காய்ந்த குச்சி, பென்சிலைவிட மெலிசாக உள்ளே குறுக்கே ஓடுகிற குச்சி எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். மீதி இலைகளையும் உருவிவிடுகிறவர்கள் உண்டு. வெட்டுவதற்கு முன்னால் தண்ணீர் கட்டுவதை நிறுத்திச் செடியைக் கொஞ்சம் காயவிடுவது வழக்கம், ஆனால் கார்த்திகையில் அது நம் கையிலா இருக்கிறது? அதனால் நாள்காட்டியைவிட வானத்தைப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெயில் வரும் என்று தெரிந்தால் முதல் நாள் காலையில் வெட்டுங்கள்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் ஊருக்குப் போகிற அவசரத்தில், தூறல் விழுந்துகொண்டிருக்கும்போதே மொக்கை அரிவாளால் வெட்டிப் போட்டுவிட்டுப் போனேன். கிளை வெட்டுப்படாமல் நார் நாராகக் கிழிந்திருந்தது, அதில் தண்ணீர் இறங்கி, வந்து பார்த்தபோது நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே அடிவரைக்கும் வந்துவிட்டது. நாலு செடியில் இரண்டு போயிற்று. அன்றிலிருந்து சாணை பிடித்த கவாத்துக் கத்தரி இல்லாமல் மல்லிகைக்குப் பக்கத்தில் போவதில்லை. வெட்டின வாயில் போர்டோ பசை தடவிவிடுங்கள் (எப்படிச் செய்வது என்று கீழே பொள்ளாச்சிக்காரருக்கு எழுதியிருக்கிறேன்).

வெட்டின கையோடு, உரத்துக்கு இதுதான் நாள். இங்கே மட்டும் நானே உரம் வையுங்கள் என்கிறேன். செடிக்கு 10 கிலோ மக்கின தொழுவுரம், அதோடு யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், பொட்டாஷ் 100 கிராம், தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி வட்டமாகக் கொத்தி மூடிவிடுங்கள். இது வருஷத்துக் கணக்கில் பாதி, மறுபாதி ஆனியில். ரசாயனம் வேண்டாம் என்றால் தொழுவுரத்தைக் கூட்டி வேப்பம்புண்ணாக்கு சேர்த்துக்கொள்ளுங்கள், பூ கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மாசியில் மொக்கு பார்க்கலாம்.

காரமடையிலிருந்து: கறிவேப்பிலை ஐப்பசியிலிருந்து துளிர்க்கவே இல்லை. புளித்த மோர் ஊற்றிப் பார்த்தாயிற்று.

காரமடையில் இருந்துகொண்டு கறிவேப்பிலைக்கு என்னைக் கேட்கிறீர்களே! குளிர் இறங்கினால் அது தூங்கும். மோரை நீங்கள் குடியுங்கள். தை கடைசியில் வெயில் ஏறும்போது நுனியைக் கிள்ளி, தொழுவுரம் வையுங்கள், தானாக வரும். இலையில் பச்சைப் புழு இருந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் குட்டி, பெரிய செடியாக இருந்தால் நாலைந்தை விட்டுவைக்கலாம்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி: ஆடிப்பதினெட்டு அன்று கொடி அவரை ஊன்றினேன். பந்தல் நிறைய இலை, கீழே ஆள் படுத்துத் தூங்கலாம் அவ்வளவு நிழல், ஆனால் கார்த்திகை பிறந்தும் ஒரு பூ இல்லை. அதே நாளில் என் அம்மாயி வீட்டில் ஊன்றினது காய்த்துக் குலுங்குகிறது. விதை ஒன்றுதான். என்ன ஆச்சு?

இந்தக் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாகிவிட்டது, ஏனென்றால் இதற்கு இரண்டு பதில் இருக்கிறது, இரண்டாவது கொஞ்சம் வேடிக்கையானது.

கொடி அவரைக்குப் பகல் குறைய வேண்டும். "ஆடி அவரை தேடிப் போடு" என்று சொல்லி வைத்தவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆடியில் போட்டால் கொடி ஏறுவதற்கு மூன்று மாசம் கிடைக்கும், அதற்குள் இரவு நீண்டுவிடும், நீண்ட இரவைப் பார்த்துத்தான் அது பூக்கத் தொடங்கும். நம் ஊரில் வருஷத்தின் நீண்ட பகலுக்கும் குறுகின பகலுக்கும் நடுவே ஒண்ணேகால் மணி நேரம்தான் வித்தியாசம், அந்தச் சின்ன வித்தியாசத்தை நாம் கவனிப்பதே இல்லை, ஒரு கொடி கணக்கு வைத்திருக்கிறது பாருங்கள். சித்திரையில் இதே விதையை ஊன்றியிருந்தால் ஐப்பசிவரைக்கும் இலையாகவே நின்றிருக்கும். வருஷம் முழுக்கக் காய்க்கிற குத்து அவரை ரகங்கள் இந்தக் கணக்கைப் பார்க்காதவை, அவை வேறு.

சரி, அம்மாயி வீட்டில் பூத்தது உங்கள் வீட்டில் ஏன் பூக்கவில்லை? ஒன்று, நீங்கள் கவனிப்பு அதிகமாகக் காட்டியிருப்பீர்கள். சாணிக்கரைசலும் பஞ்சகவ்யமும் வாரம் தவறாமல் கொடுத்தால் அவரை இலையிலேயே செழித்துக்கொண்டிருக்கும். அதை நிறுத்திவிட்டு, படர்கிற நுனிகளையெல்லாம் ஒரு சாண் கிள்ளிவிடுங்கள், கிள்ளினதைப் பொரியலுக்கு இல்லாவிட்டாலும் ஆட்டுக்குப் போடலாம். இரண்டாவது, ராத்திரியில் போய்ப் பந்தலுக்குக் கீழே நின்று பாருங்கள். தெருவிளக்கு வெளிச்சம் நேராகப் பந்தல்மேல் விழுகிறதா? இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற செடிகளுக்கு நடுராத்திரி வெளிச்சம் குழப்பத்தை உண்டாக்கும். திருப்பூரில் எந்தத் தெருவில் இருட்டு மிச்சம் இருக்கிறது? அம்மாயி வீடு தோட்டத்துச் சாளையாக இருந்தால், விடை இதுவாகவே இருக்க வாய்ப்புண்டு. விளக்கைப் பார்த்த பக்கத்தில் பழைய சேலையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், இரண்டு வாரத்தில் அந்தப் பக்கம் மொக்கு வந்தால் எனக்கு எழுதுங்கள். பூ வந்த பிறகு மார்கழிப் பனியில் கறுப்பு அசுவினி நுனியில் அப்பிக்கொள்ளும், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் அடித்தால் போதும். அசுவினிக்கு நடுவே பொறிவண்டு திரிந்தால் அதையும் அடிக்காமல் இரண்டு நாள் பொறுங்கள், அது தின்று முடித்துவிடும்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர்: வீட்டைச் சுற்றி ஐந்து தென்னை, எட்டு வயது. ஒன்றில் நடுக்குருத்து பழுத்து நிற்கிறது. இழுத்தால் கையோடு வந்துவிட்டது, அழுகல் நாற்றம். மரம் போய்விடுமா?

குருத்தழுகல். மழைக்காலத்தில் இளம் மரங்களுக்கு வருகிற பூசண நோய், குருத்து முழுக்கப் போனால் தென்னைக்கு மறு குருத்து கிடையாது, அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் ஈர மரத்தில் நீங்கள் ஏற வேண்டாம், எட்டு வயது மரத்துக்கு ஏணி போதும், பழகின ஆளைக் கூப்பிடுங்கள். அழுகின பாகத்தை நல்ல வெள்ளைத் திசு தெரிகிறவரைக்கும் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, அந்த இடம் முழுக்கப் போர்டோ பசையைப் பூசி, மழைத்தண்ணீர் இறங்காதபடி அகலமான பிளாஸ்டிக் தாளால் கூடாரம் போல் கட்டிவிட வேண்டும், புதுக் குருத்து வரும்வரைக்கும். சீவினதைக் கீழே போட்டு வைக்காமல் எரித்துவிடுங்கள்.

பசை செய்வது கஷ்டமில்லை. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் நீற்றி ஆறவிடுங்கள், பிறகு துத்தத் தண்ணீரைச் சுண்ணாம்பில் மெதுவாக ஊற்றிக் குச்சியால் கலக்குங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் ஆகாது. முடிந்ததும் ஒரு பழைய இரும்புக் கத்தியை முக்கி எடுத்துப் பாருங்கள், கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மற்ற நாலு மரத்துக்கும் ஒரு சத போர்டோ கலவையை (இதே இரண்டும் 100 கிராம், தண்ணீர் மட்டும் 10 லிட்டர்) குருத்தில் படும்படி தெளித்துவிடுங்கள்.

காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்த ஓட்டை வழியாகவும் இந்த அழுகல் தொற்றும். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து உள் மட்டை மூன்றின் இடுக்கில் போட்டு வையுங்கள். வீட்டுப் பக்கத்தில் கிளறாத எருக்குழி இருந்தால் வண்டு பிறக்கிற இடம் அதுதான், கார்த்திகையில் ஒரு தடவை புரட்டிப் போட்டால் வெள்ளைப் புழுக்களைக் கோழி பார்த்துக்கொள்ளும். இலைக்கு அடியில் வெள்ளை ஈ இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதே உங்கள் பொள்ளாச்சியில்தான், 2016-ல். மழை அதைத் தானாகக் கழுவும், அதற்கென்று இப்போது மருந்து அடிக்க வேண்டாம். அடித்தால் அதைத் தின்கிற குளவிகள்தான் முதலில் சாகும். வருஷத்து உரத்தில் பாதியை மழை நின்ற பிறகு மார்கழியில் வையுங்கள், ஐப்பசியில் வைத்தது பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசன) வாய்க்காலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மூலனூரிலிருந்து: எங்கள் வீட்டு வேலியில் கார்த்திகைப் பூ தானாக முளைத்துப் பூத்திருக்கிறது. அழகாக இருக்கிறது, ஆனால் காட்டில் போடுகிற கண்வலிக் கிழங்கும் இதுவும் ஒன்று என்கிறார்கள். நாலு வயதுப் பேத்தி இருக்கிறாள். வைத்துக்கொள்ளலாமா?

ஒன்றேதான். செங்காந்தள், கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, எல்லாம் ஒரு கொடியின் பெயர். தமிழ்நாட்டின் மாநிலப் பூ. உங்கள் மூலனூர், தாராபுரம் பக்கத்தில் விதைக்காக ஏக்கர் கணக்கில் பந்தல் போட்டு, ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டுவைத்து வளர்க்கிறார்களே, அந்த விதையிலிருந்துதான் கோல்சிசின் என்கிற மருந்துப்பொருள் எடுக்கிறார்கள். மருந்து என்றால் கடுகளவில். செடியின் எல்லாப் பாகமும் விஷம், கிழங்கு மிகவும் மோசம், பார்க்கச் சர்க்கரைவள்ளி மாதிரி இருப்பதுதான் ஆபத்து. கிழங்கைத் தின்றால் மாற்று மருந்தென்று ஒன்று கைவசம் கிடையாது.

நாலு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டாம் என்றே சொல்வேன். பூவை ரசிக்கத் தெருவில் போனால் பார்க்கலாம், உங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமா? கையுறை போட்டு, கிழங்கு உடையாமல் முழுசாகத் தோண்டி எடுங்கள், துண்டு கிடந்தால் ஆடியில் மறுபடி வரும். ஆடு, நாய் தொடாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் வளர்க்கிறவர்களிடம் கொடுத்தால் விலை கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். யாராவது வாயில் வைத்துவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் கிழங்கையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

ஈரோட்டிலிருந்து: மார்கழிக் கோலத்துச் சாணிப் பிள்ளையாருக்குச் சொந்த வீட்டு அரசாணிப் (பரங்கிப்) பூ வைக்க ஆசை. இப்போது விதை போட்டால் வருமா?

அரசாணிக்கு விதை ஊன்றி முதல் பூ வர நாற்பது நாள் பக்கம் ஆகும். மார்கழி ஒன்றாம் தேதிக்கு வேண்டுமென்றால் ஐப்பசி இருபதுக்குள் போட்டிருக்க வேண்டும். இன்றைக்குப் போட்டால் மார்கழி கடைசி வாரமும் பொங்கலும் உங்களுடையது, போடுங்கள். மேட்டுப்பாத்தியில் ஊன்றுங்கள், குழி எடுத்தால் விதை அழுகும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூதான், காம்பு நீளமாக மெலிந்து இருக்கும், தாராளமாகப் பறிக்கலாம். பூவுக்கு அடியில் குட்டிக் காய் உருண்டிருந்தால் அது பெண் பூ, அதைப் பறித்தால் பிள்ளையாருக்குப் பூ கிடைக்கும், உங்களுக்குக் காய் கிடைக்காது. விடிகாலையில் விரிந்து வெயில் ஏறினதும் சுருங்கிவிடும், அதனால் கோலம் போடுகிற நேரம்தான் அதற்கும் நேரம். பனி இறங்கினால் இலையில் வெள்ளையாகச் சாம்பல் நோய் வரும், முற்றின இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் காற்றோட்டம் கொடுங்கள்.

பவானியிலிருந்து: ராத்திரி மழை பெய்தால் காலையில் பப்பாளிக் கன்றும் கீரையும் மொட்டை. உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய நத்தை. உப்புத் தூவினால் நத்தை சாகிறது, கீரையும் காய்கிறது.

உப்பை மண்ணில் தூவாதீர்கள், அந்த இடத்தில் அடுத்த போகமும் வராது. இது ஆப்பிரிக்க ராட்சத நத்தை. 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு வெள்ளைக்காரர் ஆசையாகக் கொண்டுவந்தது, நூற்று எழுபது வருஷத்துக்கு மேல் ஊர்ந்து உங்கள் பவானிக் கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பொழுதோட ஈரச்சாக்கை விரித்து அதன்கீழ் பப்பாளி இலையோ முட்டைகோஸ் தழையோ போட்டு வையுங்கள், விடியும்போது அங்கேதான் கூட்டமாக இருக்கும். கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் நிறைந்த வாளியில் போடுங்கள், பிறகு புதைத்துவிடுங்கள். வெறுங்கையால் வேண்டாம், மூளையைத் தாக்குகிற ஒரு புழு அதில் இருக்கக்கூடும், குழந்தைகள் விளையாடவும் விடாதீர்கள். மண்ணைக் கொத்தும்போது ஜவ்வரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக மஞ்சள் வெள்ளையில் குவியலாகக் கிடந்தால் அது முட்டை, நூற்றுக்கு மேல் இருக்கும், நசுக்குங்கள். ஒரு வாரம் விடாமல் பொறுக்கினால்தான் குறையும், ஒரு நாள் செய்து பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

கோவை வடவள்ளியிலிருந்து: என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். நவம்பரில் அங்கே தோட்டத்தில் பூண்டு ஊன்றுகிறாள், துலிப் கிழங்கு புதைக்கிறாள், டாலியாக் கிழங்கைத் தோண்டி உள்ளே எடுத்து வைக்கிறாள், "இலையுதிர்காலக் கடைசி வேலை அம்மா" என்கிறாள். நானும் இங்கே அதைச் செய்யலாமா?

மகள் செய்வது அங்கே சரி. பனி உறைந்தால் டாலியாத் தழை கறுத்து, மண்ணுக்குள் கிழங்கும் அழுகிவிடும், அதனால் எடுத்து வைக்கிறாள். துலிப்புக்கும் பூண்டுக்கும் அந்தக் குளிரே வேண்டும், மூன்று மாசம்போல மண்ணுக்குள் குளிரில் கிடந்தால்தான் துலிப் பூக்கும், பூண்டு பல் பல்லாகப் பிரியும். வடவள்ளியில் மார்கழி விடிகாலையிலும் 18, 19 டிகிரிதான், நாம்தான் அதற்குக் குல்லா போடுகிறோம். பூண்டு ஊன்றினால் தழை வரும், சட்னிக்கு ஆகும், பூண்டு வராது. அது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உரிய வேலை. உங்கள் டாலியா மழையில் அழுகாமல் இருந்தால் அப்படியே விடுங்கள்.

அவளுக்குப் பதிலுக்குக் காட்ட உங்களுக்கு வேறு இருக்கிறது. கொத்தமல்லியை உருட்டி இரண்டாக உடைத்து இப்போது விதைத்தால் பத்து பதினைந்து நாளில் முளைக்கும், இந்தக் குளுமையில் பூவெடுக்காமல் இலையாக நிற்கும், சித்திரையில் அது நடக்காது. முள்ளங்கி நாற்பத்தைந்து நாள், பீட்ரூட், பாலக், வெந்தயக்கீரை எல்லாம் இந்த வாரமே போடலாம். காலிபிளவர் நாற்று கிடைத்தால் உடனே நடுங்கள், தை பிறந்து நட்டால் மாசி வெயிலில் பூ விரிந்துவிடும்.

பல்லடத்திலிருந்து: சின்ன வெங்காயம் நட்டு முப்பது நாள். தாள் முறுக்கிக்கொண்டு வெளுக்கிறது, பிடுங்கினால் அடி அழுகல்.

பாத்தியில் நட்டிருக்கிறீர்களா, பாரில் (மேடாக அணைத்த வரிசையில்) நட்டிருக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, பாத்தியாகத்தான் இருக்கும். கரிசல் மண்ணில் ஐப்பசிப் பட்டத்து வெங்காயத்தைத் தட்டையான பாத்தியில் வைத்தால் மழை நின்றும் மூன்று நாள் ஈரம் வடியாது. அழுகினதை வேர்மண்ணோடு எடுத்து வெளியே போடுங்கள், வரிசைக்கு நடுவே கொத்தால் வாய்க்கால் பறித்துத் தண்ணீரை வடித்துவிடுங்கள், அந்த வாய்க்காலை மண்வெட்டி அகலத்துக்குமேல் இழுத்து இருக்கிற வெங்காயத்தைக் காயப்படுத்தாதீர்கள். பிழைத்தது எழுபது நாளில் வரும். ஈரத்தோடு பட்டறை போட்டு (குவித்துச் சேமித்து) வைக்காதீர்கள், தாள் காயவிட்டுப் பிறகு போடுங்கள். அடுத்த தடவை பார் பிடித்து, விதைக்காயை டிரைக்கோடெர்மாவில் புரட்டி நடுங்கள், அதே இடத்தில் மட்டும் வேண்டாம்.

அரவக்குறிச்சியிலிருந்து: முருங்கை மரத்தடியில் கம்பளிப்பூச்சி அடை அடையாக. வீட்டுக்குள்ளும் வருகிறது.

பகலில் தண்டில் ஒரே இடத்தில் ஒட்டிக்கிடக்கும், அதுதான் அதன் பலவீனம். நீளக் குச்சியில் துணி சுற்றித் தீப்பந்தம் பிடித்து அந்த அடையின்மேல் மட்டும் ஒரு தடவை காட்டுங்கள், மரப்பட்டை கருகும்வரைக்கும் அல்ல. கூரை, சோளத்தட்டுப் போர் பக்கத்தில் இருந்தால் தீ வேண்டாம், கெட்டியான சோப்புத் தண்ணீரை வேகமாக அடியுங்கள். மயிர் காற்றில் பறந்து வந்தாலும் அரிக்கும், முழுக்கைச் சட்டையும் முகத்துக்குத் துண்டும் வேண்டும்.

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர்: எல்லோரும் மழை அதிகம் என்கிறார்கள், எங்களுக்கு நாலு மழைதான் பெய்தது. செம்மண், சரளை. இருக்கிற ஈரத்தை எப்படிக் காப்பாற்றுவது?

"கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை" என்பதை உங்கள் ஊர்க்காரர்களைவிட யார் உணர்ந்திருப்பார்கள். மற்ற எல்லோருக்கும் "வடியவிடு" என்று எழுதினேன், உங்களுக்கு மட்டும் நேர்மாறு, கார்த்திகை கடைசியில் அவர்களும் உங்களிடம் வந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். கடைசி மழை பெய்து மண் காலில் ஒட்டாத பதம் வந்த அன்றே மேல்மண்ணை லேசாகக் கொத்திவிடுங்கள். மழையில் இறுகின மேல்தோல் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாகத்தான் அடி ஈரம் ஆவியாகப் போகும், கொத்தினால் அந்த வழி அடைபடும். அதன்மேல் இரண்டு மூன்று அங்குலம் மூடாக்கு. கடலைப்பொட்டு, சோளத்தட்டு, தென்னமட்டை, வேப்பஞ்சருகு, எது கிடைக்கிறதோ அது. தண்டை ஒட்டிப் போடாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள், செம்மண்ணில் கரையான் உண்டு, சருகோடு கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கு தூவினால் அடங்கும். கார்த்திகை தீபத்தன்று பொடக்காளியைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்துகிற பழக்கம் இருந்தால் இந்த வருஷம் அதை மரத்தடியில் தள்ளிவிடுங்கள். மூடாக்குப் போட்ட இடத்தில் பத்து நாள் கழித்துக் கையை விட்டுப் பார்த்து, ஈரம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள், தை இதழில் போடுகிறேன்.